மஞ்சி மில் தூளை மட்க வைத்து உரமாக்குவது எப்படி?

பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்களை, அதாவது தேங்காய் நார் ஆலைகளைத் தாண்டிப் போனால் பழுப்பு நிறத் தூள் குன்று குன்றாகக் கிடக்கும். தேங்காய் மட்டையில் நாரைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவு. மழை பெய்தால் அதிலிருந்து இறங்கும் சாயத்தண்ணீர் கிணற்றைக் கெடுக்கும். முறையாக மட்க வைத்தால் அதே தூள் அருமையான உரம்.

மட்காத பச்சைத் தூளை அப்படியே வயலில் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை தக்காளிப் பாத்தியில் கொட்டி, இலையெல்லாம் வெளுத்துப்போனதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இதில் கரிமம் (கார்பன்) 112 பங்கு என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்குதான். தூளை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி பட்டினி கிடக்கும்.

இன்னொரு சிக்கல் லிக்னின். மரத்துக்கு உறுதி தருகிற இந்தப் பொருள் தூளில் சுமார் 30 சதவீதம் இருக்கிறது, லேசில் மட்காது. ஆனால் சிப்பிக் காளான் அதைத் தின்னும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறையே இந்தக் காளானை நம்பித்தான்.

ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 1 கிலோ காளான் வித்து போதும். வித்து 200 கிராம் வீதம் 5 பாக்கெட்டாக இருந்தால் வசதி.

1. மர நிழலில் தண்ணீர் தேங்காத மேட்டிடம் பாருங்கள். குழி வேண்டாம். தூளில் கிடக்கும் நாரைப் பொறுக்கிவிடுங்கள், நார் மட்காது.

2. 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி, ஒரு பாக்கெட் வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதில் 1 கிலோ யூரியா. இப்படியே மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. வித்தும் யூரியாவும் ஒரே அடுக்கில் சேரக்கூடாது.

3. ஈரம்தான் உயிர். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள்: உள்ளங்கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்தால் தெளியுங்கள்.

4. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

இரண்டு மாதத்தில் தூள் கறுத்து, குவியல் இறங்கி, மண் வாசனை வரும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள், அவசரம் வேண்டாம். நன்றாக மட்கினால் 112 என்ற அந்தக் கரிமக் கணக்கு 24 பக்கம் வந்துவிடும்.

அப்புறம், கடலோர ஊர்களில் உப்புத்தண்ணீரில் ஊறிய மட்டையின் தூள் கிடைத்தால் நல்ல தண்ணீரில் அலசாமல் தொடாதீர்கள். மட்கிய உரம் தொட்டிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு போதும். தென்னைக்கு மரத்துக்கு 5 கிலோவாவது வட்டப்பாத்தியில் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். கோடையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.