மெரினாவை மூழ்கடிக்காதீர்கள்: பருவநிலைக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையைக் களமாக வைத்துப் பருவநிலை மாற்றக் கதை எழுத வருகிற பலருக்கும் முதல் காட்சியிலேயே கடல் பொங்கிவிடுகிறது. சந்திப்பிழையை யாராவது திருத்திக் கொடுப்பார்கள். தண்ணீர் வழி தப்பினால் மொத்தக் கதையையும் திரும்ப எழுத வேண்டும்.

தண்ணீரைத் தப்பான பக்கத்திலிருந்து வரவிடுவது

ராட்சத அலை காந்தி சிலையைத் தாண்டி மயிலாப்பூருக்குள் நுழைகிறது. இது 2004 டிசம்பர் 26-இன் நினைவு. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. புவி வெப்பமடைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடல்மட்ட உயர்வோ ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதை ஒரே ராத்திரியில் காட்ட முடியாது.

சென்னைக்கு வெள்ளம் முதுகுப்பக்கமாக, மேற்கிலிருந்து வரும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்த நீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. ஒரு கன அடி 28.3 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 68. அதற்காக அந்த ஏரியை மட்டும் வில்லனாக்கிவிடவும் கூடாது. கீழே உள்ள மற்ற ஏரிகளின் உபரியும் அதே ஆற்றில்தான் சேர்ந்தது.

இவ்வளவும் முகத்துவாரத்துக்கு வரும்போது மணல் திட்டு குறுக்கே கிடந்து, ஓதமும் (கடலின் ஏற்றம்) ஏறியிருந்தால் கடல் ஆற்றுநீரை வாங்கிக்கொள்ளாது. கடல்மட்ட உயர்வுக்குக் கதையில் வேலை இங்கேதான். அடைத்த கதவாக வருகிறது.

வீட்டுக்குள் நுழைகிற வரிசையையும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தரைத்தள வீட்டில் வாசல்படியைத் தாண்டும் முன்பே பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டை கொப்பளிக்கும். கழிவறைக் கோப்பை குடுகுடுவென்று சத்தமிடும். சம்ப்பில் சாக்கடை கலக்கும். கரண்ட் போகும், பல தெருக்களில் ஷாக் அடிக்காமலிருக்க முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். மோட்டார் ஓடாது, ஆக மாடித் தொட்டியில் மிச்சமிருப்பதுதான் கடைசித் தண்ணீர். கீழே இடுப்பளவு வெள்ளம் நிற்க, மூன்றாவது மாடியில் ஒருவர் கால் கழுவ மக்கில் பாதி ஊற்றலாமா என்று யோசிக்கிறார். கதாநாயகன் நீந்துகிற பத்துப் பக்கம் இதன்முன் நிற்காது.

பருவத்தை மாற்றி வைப்பது

இந்த ஊருக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஜூலையில் வருவது பெரும்பாலும் சாயங்கால இடிமழை. பருவம் பிறழ்ந்ததுதான் கதை என்றால், பிறழாத பருவத்தை வாசகர் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

விளக்கம் சொல்லும் விஞ்ஞானி

வெட்டிவிடுங்கள்.

வெயிலை டிகிரியில் மட்டும் எழுதுவது

நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த எண்ணை எழுதினால் யாருக்கும் வியர்க்காது. கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுங்கள். மேற்குக் காற்று பலமாக வீசினால் அது தாமதமாகும். அந்த மாதிரி நாட்களில்தான் வெப்பம் நாற்பதைத் தாண்டும். வந்த பிறகும் நிம்மதி பாதிதான், ஈரக்காற்றில் வியர்வை காயாது. மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி அறைக்குள் கக்கும். பத்து மணிக்குக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் கொதிக்கும்.

கி.பி. 2100

பேரப்பிள்ளை காலத்துக்குத் தள்ளிப்போடுவது சோம்பல்.

வெள்ளத்தோடு கதையை முடிப்பது

வெள்ளம் வடிந்ததும் பலர் 'முற்றும்' போட்டுவிடுகிறார்கள். அதே குடும்பத்தை நான்கு வருடம் தள்ளிப் பாருங்கள். 2015-இல் செங்கல் அடுக்கி ஃபிரிட்ஜைத் தூக்கி வைத்தவர்கள், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்குக் காத்து நிற்கிறார்கள். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மேலே போட்ட கணக்குப்படி, ஆற்றில் மூன்று விநாடிக்கு ஓடிய தண்ணீர் அது.