பள்ளியின் பாலியல் கல்விக்கு வீட்டிலிருந்து துணை நிற்பது எப்படி?

சிங்கப்பூர் அரசாங்கப் பள்ளிகளில் தொடக்கநிலை 5இல் தொடங்கும் பாலியல் கல்வி, பருவமாற்றம், தன்னைப் பாதுகாத்துக்கொள்ளுதல் ஆகியவற்றிலிருந்து உயர்நிலையில் கருத்தடை, பால்வினை நோய்கள் வரை படிப்படியாக விரிகிறது.

பள்ளி அனுப்பும் தகவலை முதலில் முழுமையாகப் படியுங்கள். பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆயினும் உறவினர் சொன்னதை மட்டும் நம்பி அதைப் பயன்படுத்திவிடாமல், எந்த வகுப்பில் எது கற்பிக்கப்படுகிறது என்பதைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்து, ஐயம் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

பாடம் நடந்த அன்று, “என்ன சொல்லிக்கொடுத்தாங்க?” என்று விசாரித்தால், “ஒண்ணுமில்லம்மா” என்ற பதிலே பெரும்பாலும் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப்பின் பாத்திரம் துடைத்துக்கொண்டே, “மாதவிடாயைப் பத்தி எனக்கு உன் வயசுல யாரும் சொல்லலப்பா, உங்க டீச்சர் சொன்னாங்களா?” என்று தொடங்கிப் பாருங்கள், மகனிடமும் அப்படியே பேசலாம், பேசவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. தொடுவது நெருங்கிய உறவினராகவே இருந்தாலும் வேண்டாமென மறுக்கலாம் என்பதையும், வந்து சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்புவீர்கள் என்பதையும் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பதின்ம வயதினருக்குச் சட்டத்தையும் விளக்குங்கள்: 16 வயதுக்குட்பட்டவருடன் பாலுறவு கொள்வது, அவர் இணங்கியிருந்தாலும், குற்றம்.

இயன்றால் பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்காகத் தமிழில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தும்படி கேட்டுப் பாருங்கள்.