சிறு விமானத்தில் கேபின் ஹீட்டர் பராமரிப்பு: முதலில் பார்க்க வேண்டியது மஃப்ளரை

ஒற்றை பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களில் ஹீட்டர் என்று தனியாக ஒரு கருவி பெரும்பாலும் இருக்காது. எஞ்சின் புகை வெளியேறும் மஃப்ளரைச் சுற்றி ஒரு தகட்டு உறை இருக்கும். முன்பக்கம் நுழையும் வெளிக்காற்று ஹோஸ் வழியாக அந்த உறைக்குள் போய், மஃப்ளர் மேல் பட்டுச் சூடேறி, ஃபயர்வாலில் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) உள்ள வால்வைத் தாண்டிக் கேபினுக்குள் வரும். நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் எக்ஸாஸ்ட் புகைக்கும் நடுவே இருப்பது மஃப்ளரின் மெல்லிய உலோகச் சுவர் ஒன்றுதான்.

அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணித்த பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவர் இரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின்) 58 சதவீதம் இருந்ததாக பிரிட்டிஷ் புலனாய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

கீழே உள்ளவற்றில் பார்வையிடுவதை நீங்களே செய்யலாம். கழற்றுவது, மாற்றுவது, மறுபடி பொருத்துவது எல்லாம் உங்கள் விமானத்தின் பராமரிப்பு நூல்படி, உரிமம் பெற்ற பொறியாளரோடு. பழகும் காலத்தில் அவர் பக்கத்தில் நின்று பார்ப்பதே பெரிய பாடம்.

படி 1: எஞ்சின் முழுதாக ஆறட்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோ அணைந்திருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்கைத் திறக்கலாம்.

படி 2: மஃப்ளர். அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். உறையைக் கழற்றாமல் வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பார்த்ததாகவே அர்த்தமில்லை. விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரங்களிலும் குழாய்கள் வந்து சேரும் இடங்களிலும் தொடங்கும். சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் தூள் கோடாகப் படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். உப்பலும் கெட்ட அறிகுறி. புகை வெளியேறும் வால்குழாய் வழியாக உள்ளேயும் பாருங்கள்; உட்தடுப்புகள் உடைந்து வழியை அடைத்தால் எஞ்சினின் சக்தியே குறையும்.

கண்ணுக்குத் தப்பும் விரிசலைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தை வால்குழாயில் இணைத்து, மெல்லிய அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். விரிசல் இருந்தால் குமிழி வரும். நகரும் இணைப்புகளில் கொஞ்சம் குமிழி வருவது இயல்பு. மஃப்ளர் உடலில் வரக்கூடாது.

பழுதான இடத்தைக் குறிக்கப் பென்சிலை எடுத்துவிடாதீர்கள். சூடேறும்போது அதன் கரி உலோகத்துக்குள் புகுந்து, அந்த இடமே நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடும். விரிசல் கண்டால் பக்கத்துப் பட்டறையில் பற்றவைக்கும் யோசனையும் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு, இல்லையென்றால் புதுப் பாகம்.

படி 3: ஹோஸ்கள். எண்ணெய் ஊறியது, உரசித் தேய்ந்தது, உள்கம்பி தெரிவது, நசுங்கியது எல்லாம் மாற்ற வேண்டியவை. கிளாம்ப்கள் இறுக்கமா என்று அசைத்துப் பாருங்கள்.

படி 4: வால்வும் கேபிளும். ஒருவர் கேபினில் உள்ள ஹீட்டர் குமிழை இழுத்துத் தள்ள, இன்னொருவர் ஃபயர்வால் பக்கம் பார்க்க வேண்டும். குமிழ் முழுக்க உள்ளே போவது மட்டும் போதாது, வால்வுக் கதவு அது அமரும் விளிம்பில் சரியாகப் படிய வேண்டும். எஞ்சினில் தீப்பிடித்தால் புகை உள்ளே வராமல் தடுப்பதும் இதே கதவுதான்.

படி 5: ஃபயர்வால் துளைகள். கேபிளும் வயரும் நுழையும் இடங்களில் ரப்பர் வளையமும் சீலண்டும் முழுதாக இருக்கின்றனவா? கதவு ரப்பரையும் பாருங்கள். பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் சற்றுக் குறையலாம். அப்போது ஹீட்டர் மூடியிருந்தாலும் சின்னச் சின்ன இடைவெளி வழியே புகை உள்ளே வரும்.

படி 6: குளிர்காற்று வழிகள். நிறுத்தி வைத்த விமானத்தின் காற்றுத் துளைகள் பூச்சிக்கும் பறவைக்கும் நல்ல வீடு. கூடுகளை எடுங்கள், கேபினுக்குள் உள்ள வென்ட்கள் சுலபமாகத் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள்.

படி 7: ஓட்டிப் பார்ப்பது. எல்லாம் பொருத்தியபின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, கதவுகளை மூடி எஞ்சினை ஓட்டுங்கள். ஹீட்டர் மூடியபடி ஒரு முறை, முழுக்கத் திறந்தபடி ஒரு முறை, கேபின் காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடை மின்னணு மானியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க வடிவமைப்பு விதி 2017 வரை சொன்ன உச்ச வரம்பு 20,000-ல் ஒரு பங்கு, அதாவது பத்து லட்சத்தில் 50. ஆனால் அந்த எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். ஹீட்டரைத் திறந்ததும் அளவு ஏறினாலே படி 2-க்குத் திரும்ப வேண்டும். மானிக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு பட்டால் நிறம் மாறும் அட்டை வைத்திருப்பவர்கள் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய அட்டை எதையும் காட்டாது.

வானத்தில் மானி கத்தினாலோ, காரணமில்லாமல் தலைவலியோ தூக்கமோ வந்தாலோ ஹீட்டரை மூடி, குளிர்காற்று வென்ட்களை முழுக்கத் திறந்து, அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்குங்கள். இறங்கியபின் பொறியாளர் மஃப்ளரைத் திறந்து பார்க்கும்வரை அந்த விமானம் பறக்கக்கூடாது.