304 ஆட உட்காரும் முன் எழுதி வைக்க வேண்டிய விதிகள்

வெவ்வேறு ஊர்களில் 304 என்ற சீட்டாட்டம் பழகிய நால்வர் ஒரே பாயில் உட்கார்ந்தால், இரண்டாவது கை (ஒருமுறை தாள் போட்டு ஆடி முடிப்பது) முடிவதற்குள் "எங்கள் ஊரில் அப்படி இல்லை" என்ற பேச்சு வந்துவிடும். ஆட்டத்தின் அடிப்படை எங்கும் ஒன்றுதான். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஏழுக்குக் கீழே உள்ளவற்றை நீக்கிய 32 தாள்கள். வீறுக்கு (ஜாக்) 30, ஒன்பதாகிய மணலுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் வெறுந்தாள்கள். ஓர் இனத்துக்கு 76 என்று நான்கு இனங்களையும் கூட்டினால் 304 வரும். ஊருக்கு ஊர் மாறுபவை இதற்கு மேலே கட்டப்பட்ட வழக்கங்களே. பொழுதுபோக்குக்கு ஆடும்போது அவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சோடிகளாகப் போட்டிக்கு ஆடுவதானால், முதல் தாளைப் போடுவதற்கு முன்பே ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி நால்வரும் வாசித்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்களை முதலில் எழுதுங்கள், அவை எளிதில் முடிந்துவிடும். மிகக் குறைந்த கேள்வி (எடுப்பதாக ஒருவர் சொல்லும் புள்ளி) 160 என்று வைத்தால், மொத்தத்தில் பாதியாகிய 152ஐ விடச் சற்றே கூடுதலாக எடுத்தாக வேண்டும் என்பது பொருள். அந்தக் கேள்வியைத் தோற்கடிக்க எதிர்ச்சோடிக்கு 145 தேவை. 144 எடுத்தால் கேட்டவரிடம் சரியாக 160 இருக்கும், கேட்டவரே வென்றார். எண்ணி முடித்த பின் இந்த ஒரு புள்ளிக்காகக் குரல் உயர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன், ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே தோற்கடிக்கும் எண்ணையும் குறித்து வையுங்கள். முதல் நான்கு தாள்களில் 15 புள்ளி கூட இல்லாதவர் திரும்பப் போடச் சொல்லலாம் என்ற சலுகை உண்டானால், அது முதலாவதாகக் கேட்பவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்பதையும், ஒவ்வொரு சோடியும் எத்தனை கல்லோடு (வெற்றி தோல்விக்குக் கைமாறும் கணக்குக் காய்) தொடங்குகிறது, எந்தக் கேள்விக்கு எத்தனை கல் கைமாறும் என்பதையும் அதே ஒற்றையில் சேர்த்துவிடுங்கள்.

உண்மையில் நேரம் செலவழித்து எழுத வேண்டியது, கூட்டாளிக்குக் கூட்டாளி எதைத் தெரிவிக்கலாம் என்பதைத்தான். கேட்கும் எண், கேட்காமல் விடுவது, கூட்டாளியே கேட்கட்டும் என்று அவரிடம் ஒப்படைப்பது ஆகிய மூன்றுமே ஒரு கையின் பலத்தைச் சொல்லும் முறையான வழிகள். இவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கள்ளச் சைகை என்றால் மூக்கைச் சொறிவதையும் செருமுவதையும்தான் பலர் நினைக்கிறார்கள், ஆனால் அவற்றைவிடக் கெடுதியானது குரலும் வேகமும். "நூற்றியறுபது" என்று சட்டெனச் சொல்வதற்கும், இழுத்து, தாள்களை இரண்டு தடவை விரித்து மூடிவிட்டுச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து வருடம் ஒன்றாக ஆடிய கூட்டாளி எழுத்துப் போல வாசித்துவிடுவார். எனவே எண்ணை மட்டும், ஒரே குரலில் சொல்ல வேண்டும். யோசிக்க வேண்டுமானால் தாள்களைக் குப்புற வைத்துவிட்டு யோசிக்க வேண்டும் என்று எழுதுங்கள். தாளை ஓங்கி அறைந்து போடுவதையும் இதே விதிக்குள் அடக்குங்கள்: ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஆசுத் தாளை மெதுவாக வைத்தவர், அடுத்த சுற்றில் கலாவரை (கிளப்ஸ்) எட்டைப் படீரென்று அறைந்தால், கூட்டாளிக்கு ஏதோ சொல்லிவிட்டார் என்றே பொருள்.

கேள்வியில் வென்றவர் கவிழ்த்து வைக்கும் துரும்புக்கென, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தைக் குறிக்கும் தாளுக்கென, தனி விதி வேண்டும் என்பதை நான் ஒரு தீபாவளி இரவில் கற்றுக்கொண்டேன். துரும்பைக் கவிழ்த்து முழங்காலருகே வைத்திருந்தேன். நான்காம் சுற்றில், வைத்தது மணலா ராசாவா என்ற ஐயம் வர, அதை எடுத்துக் கையிலிருந்த தாள்களோடு சேர்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்தேன். மாற்றி வைத்துவிட்டேன் என்றார் எதிரே இருந்தவர். நான் மாற்றவில்லை, ஆனால் மாற்றவில்லை என்று காட்ட என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை, அந்த ஆட்டம் அத்தோடு குழம்பியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில், கவிழ்த்த தாள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பாயின் நடுப்பக்கமாக இருக்கும். கவிழ்த்தவர் அதன் ஒரு மூலையை மட்டும் பாயிலிருந்தபடியே நிமிர்த்திப் பார்க்கலாம், கையில் எடுக்கவே கூடாது. கேட்ட இனம் (சுற்றில் முதலில் போடப்பட்ட இனம்) இல்லாதவர்கள் குப்புறப் போடும் தாள்களையும், சுற்று முடிந்ததும் துரும்பு கவிழ்த்தவர் மட்டுமே புரட்டிப் பார்க்க வேண்டும். அவற்றில் துரும்பு இல்லையென்றால் அவை வேறு எவருக்கும் காட்டப்படாமல் குப்புறவே போக வேண்டும். தவறுதலாக எதிர்ச்சோடியில் ஒருவர் புரட்டிவிட்டால் அந்தக் கை அவர்களுக்குத் தோல்வி என்பது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பார்த்ததை ஒருவர் மனத்திலிருந்து அழிக்க வேறு வழியில்லை.

கேட்ட இனம் கையிலிருக்க வேறு தாள் போட்டவரைப் பிடிப்பதற்கு, எடுத்த தாள்களை ஒன்றாகக் கலக்காமல் நான்கு நான்காகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வையுங்கள். சந்தேகத்தை அடுத்த கைக்குத் தாள் கலைப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். குற்றம் உறுதியானால் அந்தக் கை முழுவதும் தோல்வி, உறுதியாகாவிட்டால் குற்றம் சாட்டியவர் ஒரு கல் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை எழுதாமல் விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கைக் கலைக்கச் சொல்லும் ஒருவர் நிச்சயம் வருவார். எட்டுச் சுற்றையும் எடுக்கப்போவதாகச் சொல்லும் கம்மாரிசு, ஏழாம் சுற்றின் முதல் தாள் விழுவதற்கு முன் சொல்லப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வது வசதியானது.

சுற்றியிருந்து பார்ப்பவர்கள் ஒருவருடைய கையை மட்டும் பார்க்கலாம்; கையை மாற்றிப் பார்ப்பதும், "ஐயோ" என்பதும் கூடாது. கூட்டாளியின் பிழையைக் கை நடந்துகொண்டிருக்கும்போது பேசக்கூடாது, அது கோபமே ஆனாலும் தகவல்தான். எட்டாம் சுற்று முடிந்த பின் எவ்வளவும் பேசிக்கொள்ளட்டும். ஒற்றையில் இல்லாத சிக்கல் வந்தால், ஆடாத ஒருவர் சொல்லும் தீர்ப்பை அந்தக் கைக்கு மட்டும் ஏற்றுக்கொண்டு, ஆட்டம் முழுதும் முடிந்த பிறகே அதைப் புதிய விதியாக எழுதுங்கள். அந்த ஒற்றையை மடித்துத் தாள்பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.