வீட்டுக் கடனா? வேல்யூவர் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீடு பார்த்துவிட்டு, பொள்ளாச்சியிலோ கோவையிலோ கடன் கேட்கும் நம் ஆட்கள் நிறைய. பிராசசிங் ஃபீஸோடு செலவு முடியாது. வீட்டை அளந்து விலை மதிப்பிட வரும் வேல்யூவருக்குத் தனிக் கட்டணம், பெரும்பாலும் ஜிஎஸ்டியும் சேரும். கடன் தொகை பெரிதென்றால் சில வங்கிகள் இரண்டாவது வேல்யூவரையும் அனுப்பும். எல்லை தாண்டி வர பயணச் செலவு தனியா என்றும் கேளுங்கள்.

கடன் கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் பொதுவாகத் திரும்பாது. அதனால் கைவசச் சான்றிதழ் (நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்டும் சான்று), நிலவரி ரசீது, வில்லங்கம் எல்லாவற்றையும் மலையாளம் படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டிய பிறகே மதிப்பீட்டுக்குச் சரி சொல்லுங்கள்.

அப்புறம், கடனின் வட்டி, கட்டணங்களைச் சுருக்கமாகச் சொல்லும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'டை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் கடன்களில், அந்த ஸ்டேட்மென்ட்டில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வங்கி வசூலிக்கக் கூடாது.