டிலே எஃபெக்ட்: கிட்டார் ஒலியை வடிவமைக்க முதல் படிகள்

டிலே செய்யும் வேலை ஒன்றுதான்: உள்ளே வரும் ஒலியைச் சிறிது நேரம் பிடித்து வைத்து, மறுபடி ஒலிக்க விடும். அந்த நேரத்தை மாற்றினால் அதே கிட்டார் தடிமனாகும், அகலமாகும், தனக்குத்தானே தாளம் போடவும் தொடங்கும். ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் கேட்பதுபோன்ற முழக்கம், ஒலியைச் சுற்றிலும் கரைத்துவிடும். டிலேயில் வாசித்த நோட்டின் தெளிவு பெரிதும் கெடாது. அதனால் ஒலி மெலிந்து கேட்கும்போது நான் முதலில் கை வைப்பது டிலேயில்தான்.

காலால் இயக்கும் பெடலோ கணினியில் ஓடும் பிளகினோ, எதுவானாலும் சரி. டைம் (எவ்வளவு நேரம் கழித்து எதிரொலி வரும்), ஃபீட்பேக் (எதிரொலி எவ்வளவு தூரம் மறுபடி மறுபடி வரும்), மிக்ஸ் (அசலோடு எதிரொலி எவ்வளவு கலக்கும்) என்ற மூன்று குமிழ்கள் இருந்தால் போதும்.

படி 1: நான்கைந்து நோட்டுகளை இடைவெளி விட்டு வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நோட்டையும் உடனே மியூட் செய்துவிடுங்கள். விடாமல் ஸ்ட்ரம் செய்தால், திரும்பி வரும் ஒலி அதற்குள் மறைந்துபோய், குமிழைத் திருப்பியதில் என்ன மாறியது என்றே தெரியாது.

படி 2: ஃபீட்பேக்கைப் பூஜ்யத்திலும் மிக்ஸை 50 சதவீதத்திலும் வையுங்கள். இனி டைமை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். இந்தப் படிக்கு அவசரமே வேண்டாம், டிலேயின் குணம் முழுவதும் இங்கேதான் பிடிபடும்.

10 மில்லி விநாடியில் எதிரொலி தனியாகக் கேட்காது. ஆனால் இரண்டு அலைகளும் கலந்து 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அலைவரிசைகள் அடிபட்டுப்போகும். கிட்டார் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

20 முதல் 40 வரை போனால் ஒலி தடிக்கும். நேரடி ஒலியை இடப்பக்கமும் டிலேயை வலப்பக்கமும் தள்ளிப் பாருங்கள், ஒரே கிட்டார் அகலமாக விரியும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் வரும் இரண்டு ஒலிகளைக் காது ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கினார். இப்படி விரித்ததை மோனோவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் சேரும்போது மேலே சொன்ன குழாய்ச் சத்தம் எட்டிப் பார்க்கும்.

80 முதல் 140 வரை இருப்பது ஸ்லாப்பேக். 1950-களின் ராக்கபிலி கிட்டார்களில் கேட்கும் அந்தச் சுருக்கமான ஒற்றை எதிரொலி இதுதான். அன்று இது டேப் மெஷினிலிருந்து வந்தது. பதிவு செய்யும் ஹெட்டிலிருந்து ஒலிக்கும் ஹெட்டுக்கு டேப் நகர்ந்து செல்லும் நேரமே டிலே. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே 2 அங்குலம் இருந்தால் 133 மில்லி விநாடி கிடைக்கும்.

250-ஐத் தாண்டினால் எதிரொலி தனி நோட்டாகவே கேட்கும். இனி டெம்போவுக்குப் பொருந்தாவிட்டால் தாளம் குழம்பும்.

படி 3: ஒரு நிமிடத்தின் 60,000 மில்லி விநாடியை டெம்போவால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் (பி.பி.எம்.) என்ற எண்ணால், வகுங்கள். 120 பி.பி.எம். என்றால் ஒரு பீட் 500 மில்லி விநாடி, அரை பீட் 250, முக்கால் பீட் 375. இந்த 375-ஐ வைத்து அரை பீட் நோட்டுகளை ஒரே சீராக வாசித்துப் பாருங்கள். எதிரொலி ஒவ்வொன்றும் இரண்டு நோட்டுகளுக்குச் சரியாக நடுவில் வந்து விழும். நீங்கள் வாசித்ததைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் கிட்டார் ஓடுவதாகக் கேட்கும்.

படி 4: ஃபீட்பேக்கை 30 சதவீதம் வரை ஏற்றினால் எதிரொலி இரண்டு மூன்று முறை வந்து அடங்கும். 100-ஐ நெருங்கினால் அடங்கவே அடங்காது, தாண்டினால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். அதைச் சோதிக்கும் முன் ஹெட்ஃபோனைக் கழற்றி, வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

படி 5: ஃபில்டர். தொடக்கத்தில் பலரும் தொடாமலே விடுவது இது, டிலே இயல்பாகக் கேட்பதற்கு இதைவிட முக்கியமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. எதிரொலியும் அசலைப் போலவே பளிச்சென்று இருந்தால் இரண்டும் முன்னால் நிற்கப் போட்டி போடும். டிலேயின் ஹை கட்டை (மேல் அலைவரிசைகளை வெட்டுவது) 3,000 ஹெர்ட்ஸ் அருகிலும் லோ கட்டை (கீழ் அலைவரிசைகளை வெட்டுவது) 200 அருகிலும் வையுங்கள். நோட்டின் நகம் படும் கூர்மை எதிரொலியில் போய்விடும், அடியில் திரளும் இரைச்சலும் போய்விடும், எதிரொலி பின்வாங்கி நிற்கும். பழைய அனலாக் பெடல்களுக்கு இந்தக் குணம் இயற்கையிலேயே உண்டு. அவற்றின் பக்கெட் பிரிகேட் சிப் ஒலியைக் கட்டம் கட்டமாகக் கைமாற்றிக் கடத்தும்; டிலே நேரத்தை நீட்ட, அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரத் துடிப்பை மெதுவாக்க வேண்டும். அப்போது தேவையற்ற ஒலிகள் புகாமலிருக்க மேல் அலைவரிசைகளை வெட்டியே ஆக வேண்டும். ஃபில்டர் ஃபீட்பேக் சுற்றுக்குள்ளேயே இருந்தால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கிக்கொண்டே போகும். எனக்குப் பிடித்தது இந்த வகைதான்.

படி 6: ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் அதற்குப் பிறகு டிலேயை வையுங்கள். முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிச் சேறாகிவிடும். மென்பொருளில் டிலேயைத் தனி சென்ட் ட்ராக்கில் (கிட்டாரின் ஒரு நகலை அனுப்பும் தனித் தடம்) போட்டு மிக்ஸை 100 சதவீதமாக்குங்கள். அளவை சென்ட் குமிழே பார்த்துக்கொள்ளும்.

கார்டு மாறும் இடங்களில் பழைய கார்டின் எதிரொலி புதியதன் மேல் விழுந்து அபசுரம் தட்டும். அங்கே ஃபீட்பேக்கைக் குறைக்கலாம். அதைவிட நல்ல வழி, சென்ட் குமிழ் தானாக ஏறி இறங்கும்படி மென்பொருளின் ஆட்டோமேஷனில் எழுதுவது: வரி முழுவதும் மூடி வைத்து, கடைசி நோட்டுக்கு மட்டும் திறந்து, அடுத்த வரி தொடங்குமுன் மூடிவிடுங்கள்.