கெளுத்திக் குஞ்சைத் தின்னும் பூச்சிகள்

நாற்றங்கால் குளத்தில் நாட்டுக் கெளுத்திக் குஞ்சு குறைந்தால் எல்லோரும் கொக்கைத்தான் திட்டுகிறோம். அதைவிட மோசம் நீருக்குள் இருக்கும் பூச்சிகள். மல்லாந்து நீந்தும் பூச்சி குஞ்சைக் கட்டிப்பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிடும்.

குஞ்சு விடுவதற்கு முந்தின நாள், காற்றில்லாத நேரத்தில், சென்ட்டுக்கு 225 கிராம் எண்ணெயும் 75 கிராம் சலவை சோப்பும் வெந்நீரில் கரைத்துப் பரவலாகத் தெளியுங்கள். மேலே மூச்சு வாங்க வரும் பூச்சிகள் நீர்மேல் படரும் எண்ணெய்ப் படலத்தில் மூச்சடைத்துச் சாகும். படலம் கலைந்தபின் குஞ்சை விடுங்கள்.

தும்பியின் இளம்புழு இதற்கு மசியாது, அது நீருக்குள்ளேயே மூச்சு விடும். கண்ணி சிறிய வலையை இழுத்து அரித்தெடுக்கத்தான் வேண்டும். அப்புறம், தவளை உள்ளே வராமலிருக்கக் கரையைச் சுற்றி முழங்கால் உயர நைலான் வலை கட்டுங்கள். அடிப்பக்கத்தை மண்ணில் புதைக்க மறந்துவிடாதீர்கள்.